மதியத்தில் கண்ணயரும் மலை

திருத்தணி மலை முனகுகிறது என்று ஹேமாவதி முதன்முதலில் சொன்னபோது அவளைவிட அவள் பள்ளிக்கூடப் பை பெரிதாக இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோபமெல்லாம் தணிந்து முருகன் வந்து உட்கார்ந்த மலை, அதற்கு முனகுவதற்கு என்ன வந்தது? "வள்ளியம்மாவோட எதுனா சண்டையா இருக்கும்" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி பேசினார். இப்போது அதே பேச்சை அவள் படமும் கணக்குமாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் சென்னையில், பூமியின் அசைவுகளைப் படிக்கிறவர்கள் கூடும் மாநாட்டில் அதைச் சொல்லப் போகிறாள். அவளுடைய டாக்டர் பட்டத்தின் உயிரே அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. மலை முனகாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம்கூடப் போகட்டும், மலை முனகாமல் இருந்திருந்தால் அவள் இந்தப் படிப்புப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஓர் எவர்சில்வர் தட்டு. மலையடிவாரத்து நெசவுத் தெருவில் அவர்கள் வீடு. முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் ஷெட்டில் விசைத்தறி. தறி ஓடும்போது தரை அதிரும், அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், மனிதர்கள் பேசுவது மட்டும் கேட்காது. அவள் அப்பா ஜம்புலிங்கம் கோயில் சன்னதியில்கூடக் கத்தித்தான் வேண்டிக்கொள்வார். முருகனுக்குக் காது மந்தமோ என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மத்தியானம், தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர்மேல் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழுந்தது. விழுந்த வெயில் எழும்பிப் போய்ச் சுவரில் ஒரு துண்டு வெளிச்சமாக ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டு ஆடியது. வெள்ளி இழைகளைப் பின்னுவதும் பிரிப்பதுமாக, யாரோ கண்ணுக்குத் தெரியாத தறியில் வெயிலை நெய்துகொண்டிருப்பதுபோல ஆடியது. பாயில் மல்லாந்து கிடந்த குழந்தை அன்றைக்குச் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் அதுவே பைத்தியமாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடப் போனால் இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடிப் போவாள். வாசலில் வைத்தால் வெளிச்சம் ஒரு மாதிரி ஆடும், சமையல்கட்டில் வைத்தால் வேறு மாதிரி ஆடும், பக்கத்து வீட்டுத் தறி சேர்ந்துகொண்டால் இரண்டும் மோதிக் கட்டம் கட்டமாக விழும். கண்ணை மூடிக் கேட்டு மற்றவர்கள் எந்தத் தறி ஓடுகிறது என்று சொல்வார்கள் என்றால், இவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தே சொல்லுவாள்.

"சோறு துன்ற தட்டுல தண்ணிய ஊத்திகினு செவுத்த பாத்துகினு கெடக்கிறியே, உனுக்கு இன்னா பிரமை புடிச்சிகிச்சா?" என்று அம்மா வசந்தி திட்டுவாள்.

திட்டினாளே தவிர, தட்டைப் பிடுங்கவில்லை. பெரிய மனசு என்று சொல்லிவிட முடியாது, அவளுக்குத் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலை தலைக்குமேல் கிடந்தது. நம் வீடுகளில் பல பிள்ளைகளின் அறிவு இப்படித்தான் பிழைத்துக்கொள்கிறது. பெற்றவர்கள் கொஞ்சம் வேலையாக இருந்துவிட்டால் போதும்.

அமாவாசை அன்று தறி ஓட்டக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது, மீறினவரும் கிடையாது. தெரு முழுக்க மோட்டார்கள் நின்றுவிடும். திடீரென்று குருவி கத்துவது கேட்கும், கோயில் மைக்கில் பாடுவது கேட்கும், பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிவதுகூடக் கேட்கும். அப்படியோர் அமாவாசையில் ஹேமாவதி தட்டை வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் அசையாமல் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஓரங்களில் மட்டும், தூங்குகிற குழந்தையின் வயிறுபோல, மெல்ல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, தறிதான் நின்னுடுச்சே. இத யாரு ஆட்டுறா?"

ஜம்புலிங்கம் படையல் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் மலைப் பக்கம் நீட்டினார். "மலைய போய் கேளு."

தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பதில் அது. அவளோ வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மலை அவளுக்கு வேறு ஒன்றாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போது மேகம் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால், உள்ளே இருந்துகொண்டு அது என்ன முனகுகிறதோ என்று நினைத்துக்கொண்டே நடப்பாள். அலைகளைப் பற்றிய பாடம் வந்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள், பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல. சென்னையில் இயற்பியல் படித்தாள். பிறகு பூமிக்குள் ஓடும் அதிர்வுகளைப் படித்தாள். ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகத்தில், ஏனம்மா இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். தட்டின் கதையைச் சொன்னாள். பேராசிரியர் ஷோபனா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். இடம் கிடைத்தது.

இப்போது மலையின் பின்பக்கம், ஒரு மாந்தோப்பின் ஓரத்தில், வெற்றுப் பாறையில் குழி வெட்டி அவள் ஒரு நிலநடுக்கமானியை இறக்கி வைத்திருக்கிறாள். தோப்புக்காரர்கள் அதை 'ஹேமா டப்பா' என்பார்கள். எறும்பு ஊர்ந்தால்கூட எழுதி வைக்கும் டப்பா அது. ரயில் போனால் எழுதும், மலைப்பாதையில் பஸ் ஏறினால் எழுதும், தெருத் தறிகள் ஓடினால் எழுதித் தள்ளும். அமாவாசை வந்தால் தெருவின் சத்தம் அடங்கிவிடும். அடங்கிய இடத்தில், கணினித் திரையில் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று மிஞ்சும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஹேமாவதிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மலையைப் போய்க் கேட்டாயிற்று, மலையும் சொல்லிவிட்டது.

அந்தக் கோட்டுக்கு ஒரு பழக்கமும் இருந்தது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் மங்கிப் போகும், பிறகு தானே எழுந்துகொள்ளும். வெயிலில் பாறை விரிந்து அதன் சுருதி இளகுகிறது என்று அவள் கணக்குப் போட்டாள். கட்டுரையில் அப்படித்தான் எழுதினாள். மனசுக்குள் மட்டும், மலை மதியத்தில் கண்ணயர்கிறது என்று வைத்துக்கொண்டாள்.

ஷோபனா அந்தக் கோட்டை முதலில் நம்பவில்லை. "ரொம்ப நேரா இருக்கே ஹேமா. மலைக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாதே. ஏதாவது மிஷினா இருக்குமா?"

"அமாவாசைக்கு மிஷினே ஓடாது மேடம். எங்க பக்கம் மொத்தமும் லீவு."

"மொத்தமும்னா?"

சந்தேகம் தீர அவள் அம்மாவையே கேட்டுச் சொன்னாள். வசந்தி பிறந்தது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி போகும் வழியில் ஒரு நெசவு ஊர். "எங்க ஊர்லயும் அமாவாசைன்னா தறிய தொட மாட்டாங்க. தொட்டா எங்க நைனா கைய ஒடச்சிடும்" என்று வசந்தி அடித்துச் சொன்னாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு அமாவாசை வந்தால் உலகத்துத் தறியெல்லாம் நின்றுவிடும்.

மாசி மாத அமாவாசை. மகள் மாநாட்டில் பேசப் போகிறாள் என்று வசந்தி வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். படையல் முடிந்து இலையும் போட்டாயிற்று. நகரிப் பக்கத்திலிருந்து வர வேண்டிய வசந்தியின் அண்ணன் மகன் சுதாகரை மட்டும் காணோம். ஹேமாவதி மாடி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை புகைமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. திரையில் வெள்ளிக் கோடு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா பாவா, எங்க இருக்கிற? அம்மா எலய போட்டுட்டு காத்துகினு இருக்குது."

"நான் எங்க வர்றது ஹேமா?" சுதாகர் கத்தினான். "பாவு நூல் முடியற நேரம். தறி ஓடிகினு இருக்குது."

அவன் சொல்லாவிட்டாலும் கேட்டிருக்கும். போனுக்குள் தடதடவென்று ஒரு தெருவே ஓடிக்கொண்டிருந்தது.

"பாவா, இன்னிக்கு அமாவாசை."

"ஆங், அதுக்கு இன்னா? அமாவாசை லீவெல்லாம் எங்க தெருவுல எப்பவோ எடுத்துட்டாங்களே. நான் ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடியே. எங்களுக்கு வெள்ளிக்கெழம லீவு." அவன் யாரிடமோ திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னான். "இரு, சாப்பாட்டுக்கு நிறுத்துறாங்க. இப்ப நல்லா கேக்கும்."

போனில் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று நின்றது, பக்கத்தில் இரண்டு நின்றன, தூரத்தில் சில நின்றன. கடைசியாக ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. ஹேமாவதியின் கண் திரையில் இருந்தது. வெள்ளிக் கோடு மெலிந்தது, மங்கியது, கண்ணயர்ந்தது.

"ஹலோ? ஹேமா? லைன்ல இருக்கிறியா?"

"பாவா," அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "திருப்பி ஓட்ட ஆரம்பிக்கும்போது எனுக்கு ஒரு போன் பண்றியா? மறந்துடாத."

அவள் சாப்பிடக் கீழே போகவில்லை. இத்தனை நாளும் மலை தூங்கியது என்று அவள் உருகி உருகிப் பார்த்ததெல்லாம், அங்கே நெசவாளர்கள் கை கழுவிவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிட்ட நேரம். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. கட்டுரைக்காக அழுதாளா என்றால் அதற்காகவும்தான். ஆனால் அதைவிட, யாரோ செத்துப்போனதுபோல அழுதாள். சின்ன வயதிலிருந்து கூடவே வந்த ஓர் ஆள், தனியாக விடுதியில் கிடந்த நாட்களில் நினைத்துக்கொண்டால் தைரியம் தந்த ஆள், அப்படி ஒருவரே இல்லை என்று ஆகிவிட்டது.

போன் வந்தது. "ஓட்டுறோம் ஹேமா" என்றான் சுதாகர். பின்னால் தறிகள் கிளம்பின. திரையில் கோடு மறுபடி எழுந்தது. சந்தேகத்துக்கு ஓர் இழைகூட இடமில்லை.

வசந்தி வடைத் தட்டோடு மேலே வந்தாள். மகள் விஷயத்தைச் சொன்னதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நான் கல்யாணம் ஆகி வந்தப்ப நிறுத்திகினுதான்மா இருந்தாங்க," என்றாள். "எடுத்துட்டாங்கன்னு எனுக்கு யாருமே சொல்லலியே."

மகள் நஷ்டத்தைவிட அந்த நிமிடம் அவளுக்குத் தன் நஷ்டம்தான் உறைத்தது. கல்யாணமாகி வரும் பெண்கள் பிறந்த வீட்டைத் தாங்கள் கிளம்பிய நாளிலேயே நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அங்கே கடிகாரம் ஓடும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வசந்தி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆறிப்போன வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள்.

"இது யாருக்குனா தெரியுமா?" என்று வசந்தி மெல்லக் கேட்டாள்.

"தெரியாதும்மா. நான் சொன்னாத்தான் தெரியும்."

அதுதான் கஷ்டம். மாநாட்டுக்கு வருகிறவர்களில் எவருக்கு நகரிப் பக்கத்து நெசவுத் தெருவின் விடுமுறை நாள் தெரியப் போகிறது? சொல்லாமல் விட்டால் மலை முனகிக்கொண்டே இருக்கும். பட்டம் வரும், வேலை வரும், அப்பா தெருவெல்லாம் கத்திச் சொல்லுவார். ஹேமாவதி நிறைய நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைமூட்டம் விலகி, பாறைகள் மஞ்சள் வெயிலில் தெரிந்தன. அந்த மலையை வாயில்லாத பிராணி என்று நினைத்துத் தன் இஷ்டத்துக்கு ஒரு பேச்சை அதன் வாயில் திணித்துவிட்டோமோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிடித்த ஆளைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஷோபனாவுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள்.

"நேரா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் ஷோபனா. "அடுத்த வாரம் மேடையில என்ன சொல்லுவ?"

"தறின்னு சொல்லுவேன் மேடம். எப்படித் தப்பு பண்ணேன்னும் சொல்லுவேன்."

"அந்த அத்தியாயத்த எடுத்துட்டா பட்டம் ஒரு வருஷமாவது தள்ளிப்போகும். அப்புறம் அந்தத் தட்டு? இன்டர்வியூல சொன்னியே?"

"அது காத்தா இருக்கலாம். ரயிலா இருக்கலாம். இப்ப எப்படித் தெரியும் மேடம்? ஆனா நான் பாத்தது நெஜம்."

"சரி" என்றார் ஷோபனா. கோபமா பரிவா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவருக்கு. "திங்கட்கிழமை வா. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

சாயங்காலம் சுதாகரே கூப்பிட்டான். மத்தியானம் அவள் குரல் சரியில்லை என்று அவனுக்கு மனசு கேட்கவில்லையாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினான். "அடப்பாவி, நாங்க சோறு துன்னதயா மலை தூங்குதுன்னு எழுதி வெச்ச? இரு இரு, எதுக்கு அழுவுற? வர்ற அமாவாசைக்கு நான் தெருவுல பேசி எல்லா தறியும் நிறுத்த சொல்றேன். வெள்ளிக்கெழம லீவ அன்னிக்கு மாத்திக்கினா போச்சு. ரெண்டு பக்கமும் நின்னுடுச்சின்னா அப்பறம் மலை இன்னா பேசுதுன்னு கேளு."

"ஒன்னுமே பேசாம கூட போலாம் பாவா."

"போனா போவட்டும்."

அதற்குள் அவன் அம்மா ஜெயம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஹேமாவதிக்கு அவள் அத்தை. முன்பெல்லாம் கிருத்திகை தவறாமல் பஸ் ஏறி வந்து, படியில் மஞ்சள் தடவிக்கொண்டே மலையேறிப் போகிறவள். முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து, தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறாளே தவிர எங்கேயும் போவதில்லை. கார் வைத்து மேலே கூட்டிப் போகிறேன் என்று சுதாகர் சொன்னால், படி ஏறாமல் போனால் அது போனதாகுமா என்று மறுத்துவிடுவாள்.

"இவன் இன்னாத்தையோ சொல்றான்டி. எங்க தறி சத்தம் அங்க கேக்குதாமே? மலை மேலயா?"

"மேல இல்ல அத்த. மலைக்குள்ள."



"நெஜமாவா சொல்ற?"

"ஆங் அத்த. டப்பாவுல எழுதியிருக்குது. இங்கருந்து பாத்துகினுதான் இருக்கிறேன்."

"இங்கியே கெடக்குறனே, ஏற முடியலியேன்னு இத்தினி நாளா அழுதுகினு கெடந்தனே," ஜெயம்மாளின் குரல் உடைந்தது. "நான் இங்க உக்காந்துகினு இருக்கிறேன், என் தறி சத்தம் மலைக்கு போய்கினு இருந்திருக்குதே." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, குழந்தைபோலக் கேட்டாள். "அதுல என் தறி எது ஹேமா?"

ஹேமாவதி திரையைப் பார்த்தாள். ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டு, இதுதான் அத்தை உன்னுடையது என்று சொல்லிவிடலாம். கேட்பவள் ஆயுசுக்கும் அதை வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வாள். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"அத பிரிச்சி சொல்ல முடியாது அத்த," என்றாள். "தெருவுல ஓடுற தறி எல்லாம் ஒன்னா சேந்து ஒரே கோடாத்தான் வருது. எது யாரோடதுன்னு தெரியல."

அவ்வளவுதான், அத்தையின் சந்தோஷத்தையும் கெடுத்தாயிற்று என்று நினைத்தாள். ஜெயம்மாளோ கொஞ்சமும் கலங்கவில்லை.

"அதுவும் சரிதான்" என்றாள். "படி ஏறச்சொல்லோ கூட்டத்தோடதான ஏறுவோம்."